லித்தோகிராஃப்: கல்வெட்டு அல்ல, கல்லச்சு

ஏலப் பட்டியலில் ஒரு படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி இருக்கும்: ‘லித்தோகிராஃப், 27/75, பென்சிலில் கையொப்பம்.’ இதைத் தமிழில் எழுதச் சொன்னால் ‘கல்வெட்டு ஓவியம்’ என்று எழுதுகிறவர் உண்டு. ‘அச்சுப்படம்’ என்று எழுதுகிறவரும் உண்டு. முன்னது தவறு. பின்னது தவறில்லை, ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது எதையும் சொல்லாது.

கிரேக்கத்தில் லிதோஸ் என்றால் கல். கிராஃபைன் என்றால் எழுதுதல். சேர்த்தால் கல்லெழுத்து. ஏமாறும் இடம் அதுதான். கல்லில் எழுத்து என்றதும் நமக்கு உளி நினைவுக்கு வருகிறது. இந்தக் கலையில் உளிக்கு வேலையே இல்லை. கல்லில் பள்ளமும் கிடையாது, மேடும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்த அலோய்ஸ் ஸெனஃபெல்டர் 1771இல் பிராகில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்த நாடக ஆசிரியர். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். 1796இல் ஒரு நாள் அவருடைய தாய் சலவைக்குப் போடும் துணிக் கணக்கை எழுதச் சொல்ல, கையில் காகிதம் இல்லாமல், மெழுகும் சோப்பும் புகைக்கரியும் கலந்த மையால் பக்கத்தில் கிடந்த கல்லிலேயே எழுதினார். அவரே பின்னாளில் சொன்ன கதை இது. அதைத் தொடர்ந்த சோதனைகள் ஓரிரு ஆண்டுகளில் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற எளிய உண்மையில் போய் நின்றன. அவர் தம் முறையை ‘வேதியியல் அச்சு’ என்றே அழைத்தார். அந்தப் பெயர் நிலைத்திருந்தால் நமக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது.

கல் எங்கிருந்தோ எடுத்த கல் அல்ல. ஜெர்மனியில் பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டியெடுக்கும், மாவுபோல் நுண்ணிய சுண்ணாம்புக்கல். (பறவையின் மூதாதை என்று பாடப்புத்தகத்தில் படித்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் கிடைத்ததும் இந்தக் கல்லடுக்கில்தான். அதன் அறிவியல் பெயரின் பின்பாதியே ‘லித்தோகிராஃபிகா’.) வழவழப்பாக்கிய கல்லின்மேல் எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால் ஓவியர் வரைகிறார். அதன்மேல் வேலம்பிசின் கரைசலில் சிறிது அமிலம் சேர்த்துப் பூசுகிறார்கள். பிறகு ஈரப் பஞ்சால் கல்லைத் துடைத்து மை உருளையை ஓட்டினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை பிடிக்கும். வெற்றிடத்தில் இருக்கும் ஈரம் மையைத் தள்ளிவிடும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இட வலமாகத் திரும்பி இறங்கும். எத்தனை வண்ணமோ பெரும்பாலும் அத்தனை கல். வேலை முடிந்ததும் படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே கல்லில் வேறொருவர் வரைவார். ‘சிலையில் எழுத்து’ என்று அழியாமைக்கு நாம் சொல்லும் உவமை இங்கே செல்லாது.

ஆகவே ‘கல்லச்சு’ என்பதே பொருந்தும் சொல். புதிதாகப் படைக்க வேண்டியதில்லை, தமிழில் இருப்பதுதான். வெட்டுவதையும் எழுதுவதையும் விட்டுவிட்டு, கல்லிலிருந்து அச்சாவதை அது சொல்கிறது.

இனி 27/75. மொத்தம் 75 படிகள், இது 27ஆவது. இந்த வரம்பைக் கல் விதிக்கவில்லை. ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் பல வண்ணக் கல்லச்சாகவே வந்து பூஜையறைகளில் ஏறினார்கள். அவற்றில் எண் இல்லை, விற்கும்வரை அடித்தார்கள். வரம்பு என்பது ஓவியரும் அச்சகமும் செய்யும் முடிவு. ‘லிமிடெட் எடிஷன்’ என்பதற்கு நாளிதழ்களில் வரும் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ புத்தகத்துக்குச் சரி. படத்துக்கு ‘எண்ணிட்ட படி’ போதும் என்பது என் கட்சி.

சில சமயம் கல்லே குறுக்கிடும். 1963இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷென்பர்க் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு படத்தை அச்சிட்டபோது கல் உடைந்தது. இன்னொரு கல்லில் மறுபடி வரைந்தார், அதுவும் உடைந்தது. உடைந்த கல்லையே வைத்து அச்சிட்டு, நடுவே குறுக்காக ஓடும் வெள்ளைப் பிளவோடு படத்தை வெளியிட்டார். தலைப்பு: ‘விபத்து’. அதே ஆண்டு, இன்றைய ஸ்லோவேனியாவின் தலைநகரான லுப்லியானாவில் நடந்த அச்சுக்கலைக் கண்காட்சியில் முதல் பரிசு அதற்குத்தான்.

வாங்குகிறவர் விழிக்க வேண்டிய சொல் ‘ஆஃப்செட் லித்தோகிராஃப்’. ஜப்பானிய ஓவியர் தகாஷி முராகாமியின் சிரிக்கும் பூக்கள் பலவும் இப்படித்தான் 300 படிகளாக, கையொப்பத்தோடு வருகின்றன. மோசடி ஒன்றும் இல்லை, விவரம் வெளிப்படையாகவே இருக்கிறது. தத்துவமும் அதே எண்ணெயும் தண்ணீரும்தான். ஆனால் கல் இல்லை; உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்குப் போய், அங்கிருந்து காகிதத்தில் மறுபடி தோன்றும் படம் அது. இதைக் கல்லச்சு என்று மொழிபெயர்த்தால் விற்கிறவர் சொல்லாத பொய்யை நாம் சொன்னதாகும். இதற்கும் நல்ல சொல் இருக்கிறது: மறுதோன்றி அச்சு. வல்லின ‘று’ முக்கியம். இடையின ‘ரு’ போட்டால் கையில் இடும் மருதாணியாகிவிடும்.