ஆள்காட்டி கத்தினால் பின்வாங்குங்கள்

மார்ச், ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் படமெடுக்க வருபவர்கள் அதிகம். செங்கால் நாரையைவிட அங்கே பேர்போனது மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும்தான். குளத்துக்குள் இருக்கும் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டும். நாம் போகும் அந்த நேரத்தில் பல கூடுகளில் குஞ்சு இருக்கும். பறவைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், கிளம்புவதற்கு முன் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரத்தில் இருக்கும் கூட்டை எல்லாரும் பார்க்கிறார்கள். காலடியில் இருப்பதைத்தான் கவனிப்பதில்லை. ஆள்காட்டிப் பறவைக்குக் கூடு என்று ஒன்றுமே கிடையாது. காய்ந்த குளத்தின் ஓரத்தில், தரிசில், சிறு பள்ளம் பறித்து மூன்று நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு கிடக்கும் முட்டையைச் சரளைக்கல்லிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆள் நெருங்கினால் தாய் முதலில் சத்தம் போடாமல் எழுந்து கொஞ்ச தூரம் நடக்கும். அப்புறம்தான் பறந்து தலைக்கு மேல் சுற்றிக் கத்தும். ‘நல்ல ஆக்‌ஷன் கிடைக்கிறது’ என்று பலரும் கேமராவைத் தூக்குவது அப்போதுதான். கோடை வெயிலில் முட்டை சூடேறாமல் இருக்க, இந்தப் பறவை தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து அதன் மேல் உட்காரும். நாம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. பக்கத்து மரத்தில் காக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கத்தினால் வந்த வழியிலேயே திரும்பிவிடுங்கள், கீழே பார்த்து அடியெடுத்து வையுங்கள்.

பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டுவது, கல்லெறிவது இன்னமும் நடக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு விருந்தாளியாகப் போய்விட்டு நாம் இதைச் செய்யலாமா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. டிரோனைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அனுமதியில்லாமல் சரணாலயத்துக்கு அதை எடுத்து வராதீர்கள்.

விரட்டாமலே பறக்கும் படம் கிடைக்கும். பறவைகள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் இறங்கும், எழும்பும். காலையில் காற்றும் சூரியனும் நம் முதுகுப்பக்கம் இருக்குமாறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டால், இரை கொண்டுவரும் நாரை நம்மைப் பார்த்துத்தான் இறங்கும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்துக்கொண்டால் இறகு நுனிவரை கலங்காமல் நிற்கும். கொக்கு, நாரை போன்ற வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதியும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் ஸ்டாப் போலக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். வண்டிக்குள்ளிருந்தே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. இன்ஜினை அணைத்து, ஜன்னலில் சின்ன மணல் மூட்டை வைத்து லென்ஸைச் சாய்த்தால் போதும். ஆள் இறங்கினால் மிரளும் மடையான் கொக்கு, நிற்கும் காரைக் கண்டுகொள்வதே இல்லை.

வெயில் ஏறியதும் எல்லாரும் வயல் பக்கம் திரும்புவார்கள். உழவு நடக்கும் இடத்தில் கொக்குகள் டிராக்டருக்குப் பின்னாலேயே நடக்கும், அருமையான காட்சி. ஆனால் அண்டை வெட்டி, அதாவது ஓரத்தைச் சீவி, சேறு பூசிய வரப்பு ஈரம் காயும்வரை கால் தாங்காது. மிதித்தால் உடைந்து தண்ணீர் வடிந்துவிடும், அது ஒருவரின் ஒரு நாள் வேலை. நடவு நடும் பெண்களைக் குனிந்த நிலையில், கேட்காமல் எடுக்காதீர்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பகிரும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடு இருக்கும் மரம், கரை, வழி எதையும் எழுத வேண்டாம். படத்திலேயே இடக்குறிப்பு பதிந்திருந்தால் அதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.