கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சல்

புற்றுநோய்க்கான கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்களில் சிலர் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு வருவார்கள். கூட வந்தவர் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சளி இல்ல டாக்டர், இருமல் இல்ல, எங்கயும் புண்ணும் இல்ல. பாராசிட்டமால் குடுத்தா விட்டுடுது, மறுபடி வந்துடுது." இதைக் கேட்கும்போது எனக்குக் கவலை கூடத்தான் செய்கிறது.

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, பிறகு சீழ் பிடிக்கிறது. எல்லாம் கிருமி செய்வது என்றே நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு நம் வெள்ளை அணுக்களுடையது. 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் உயிரியலாளர் எலி மெச்னிகோவ், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அந்நியப் பொருளைத் தேடிச் சென்று விழுங்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாக்டீரியா நுழைந்தால் ரத்தத்திலிருந்து முதலில் அங்கே விரைவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு. தொற்றுள்ள இடத்திலிருந்து கசியும் வேதிப்பொருள்களை உணர்ந்து ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுவரின் இடுக்கு வழியே நெளிந்து வெளியேறி, பாக்டீரியாவைப் பிடித்து விழுங்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கிருமியைக் கொல்லும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தனக்குள்ளேயே உண்டாக்கி அதைக் கொல்லும். அந்த முயற்சியில் தானும் மடியும். அப்படி மடிந்தவை குவிந்ததுதான் சீழ். சில சமயம் சீழில் தெரியும் பச்சை நிறம்கூட நியூட்ரோபிலில் உள்ள ஒரு நொதியின் நிறம்தான்.

இவற்றுக்கு ஆயுள் குறைவு. அதனால் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உருவாக்கியபடி இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் கீமோ மருந்து இந்த உற்பத்தியையும் தடுத்துவிடுகிறது. பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது நம் குடலிலும் வாயிலும் இருக்கும் பாக்டீரியாவே ரத்தத்துக்குள் புகுந்துவிடலாம். ஆனால் சீழ் பிடிக்க அணுக்கள் இல்லை. புண் சிவக்காது, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரியாமல் போகலாம், சிறுநீர்ப் பரிசோதனையும் சுத்தமாக வரலாம். காய்ச்சல் ஒன்றுதான் மிச்சம். அதையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிட்டால், நிலைமை முற்றுவதற்குச் சில மணி நேரமே போதும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்களின் மொத்த கவுண்ட்டை (எண்ணிக்கையை) மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 1,200, அதில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால் உண்மையில் இருப்பது 360. 500-க்குக் கீழே போனாலே ஆபத்தான குறைவு.

கீமோ எடுப்பவர் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் புறப்படுங்கள். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆசனவாய் வழியாக மருந்தோ எனிமாவோ வேண்டாம். அங்கே ஏற்படும் சிறு கீறல்கூடத் தொற்றுக்கு வழியாகும். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கமோ குழப்பமோ வந்தாலும் காத்திருக்கக் கூடாது. வயதானவர்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் இப்படி நேர்வதுண்டு.

கீமோ எடுக்காத ஒரு கூட்டத்துக்கும் இது பொருந்தும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில், நியூட்ரோபில் அறவே இல்லாமல் போய்விடும். தொண்டை வலி, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இரவில் அவசரப் பிரிவில் இருப்பவர் உங்கள் வழக்கமான மருத்துவராக இருக்க மாட்டார். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். வாசலிலேயே "கீமோ எடுப்பவர், கடைசியாக இந்தத் தேதியில் ஏற்றினார்கள்" என்று சொல்லி, மருந்துச் சீட்டைக் கையில் கொடுங்கள்.