பித்தளைத் துளையின் கணக்கு

ஆடி மாதத்தில் வெண்ணாற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது, குறுகிய கண்களைக் கொண்ட பழைய பாலம் ஒன்றின் மேல் நின்று கீழே பார்த்தால், கண்களுக்குள் நுழையும் இடத்தில் நீர் வேகமெடுப்பதும் அங்கேயே அதன் மட்டம் சற்றுப் பள்ளமாக இறங்குவதும் தெரியும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னோலி 1738-இல் நூலாக எழுதிவைத்த இந்த உண்மையை நம்பித்தான், நம் ஊரின் பழைய மோட்டார் சைக்கிளிலும் கரடுமுரடான தரையில் ஓடும் பழைய நான்கு சக்கர ஏடிவியிலும், காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் வேலை செய்கிறது.

கார்புரேட்டரின் குழாய் நடுவில் குறுகியிருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று அந்தக் குறுகலில் விரையும்போது அங்கே அழுத்தம் தாழ்கிறது. கீழே மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறையாமல் இருப்பதால், பெட்ரோல் மேலே தள்ளப்பட்டுக் காற்றில் தூவப்படுகிறது. எவ்வளவு பெட்ரோல் மேலேறலாம் என்பதை ஜெட் தீர்மானிக்கிறது. புளியங்கொட்டை அளவே உள்ள அந்தப் பித்தளைத் திருகின் நடுவில் நுண்ணிய துளை ஒன்று உண்டு. கெய்ஹின் என்ற பிராண்டின் ஜெட்டில் 100 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.00 மில்லிமீட்டர், மிக்குனி என்ற மற்றொரு பிராண்டின் பல ஜெட்டுகளில் அதே எண் துளையின் அகலத்தைக் குறிக்காமல், அதன் வழியே பாயும் அளவைக் குறிக்கும். ஆகவே ஒன்றின் எண்ணை வைத்து மற்றொன்றை வாங்கக் கூடாது.

துளையின் விட்டம் சிறிது கூடினாலும் பாயும் அளவு அதிகமாகக் கூடும் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். 100-ஐக் கழற்றிவிட்டு 105-ஐப் போட்டால் விட்டம் 5 விழுக்காடு கூடுகிறது. பரப்போ 10 விழுக்காட்டுக்குச் சற்று மேலே போகிறது. இதனால்தான் ஜெட்டில் அடைப்பு ஏற்பட்டால் கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. என் 100 சிசி வண்டியை ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்டபோது அப்படிக் குத்திவிட்டார்கள். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து சைலன்ஸரில் கரி படிந்தது, மைலேஜும் இறங்கியது. புது ஜெட் போட்ட பிறகே வண்டி பழைய நிலைக்கு வந்தது.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் அதை ரிச் என்றும் குறைந்தால் லீன் என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள். வைக்கோல் தூசியும் நெற்சுணையும் பறக்கும் அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கலவை ரிச் ஆகும். திறந்த ஃபில்டரும் வேறு சைலன்ஸரும் மாட்டினால் காற்று தாராளமாக வந்து லீன் ஆகும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் அதே திசையில்தான் இழுக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும். பழைய ஜெட் அதே அளவில் ஊற்றிக்கொண்டிருக்க, தேவையோ சுமார் 9 விழுக்காடு கூடிவிட்டது. புதிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. லீனாக ஓடும் எஞ்சின் சூடேறித் திணறும். அளவு கடந்தால் பிஸ்டனே உருகக்கூடும். இந்த அளவைத் திருத்த, மாற்று ஜெட்டுகளைத் தொகுப்பாக விற்கிறார்கள்; அந்த ஜெட் கிட் வண்டிக்குப் புதிய பலம் கொடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். குலைந்த அளவை அது மீட்டுத் தருகிறது என்பதே சரி, அந்த மீட்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிட்டில் சில மெயின் ஜெட்டுகளும், மேல்முனையில் ஐந்தாறு பள்ளங்கள் கொண்ட ஒரு நீடிலும், அதற்கான சிறு கிளிப்பும் இருக்கும். இவற்றில் உண்மையான சூட்சுமம் நீடிலிடம்தான். முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும் அந்த ஊசி, மெயின் ஜெட்டுக்கு மேலுள்ள குழாயில் தொங்குகிறது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அது மேலேறி, மதகின் ஷட்டரைத் தூக்குவதைப் போல வழியை அகலமாக்குகிறது. கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரையான திறப்பில் அளவை ஆள்வது நீடில். அதற்குக் கீழே பைலட் ஜெட் என்னும் இன்னொரு சிறு ஜெட்டும், அதற்கு மேலே மெயின் ஜெட்டும் ஆளுகின்றன. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்டினால் ஊசி அந்த அளவு மேலே நிற்கும், கலவை ரிச் ஆகும். மேல் பள்ளத்தில் மாட்டினால் லீன் ஆகும். இந்த இடத்தில் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம்.

பெட்ரோல் குழாயை மூடி, மிதவைக் கிண்ணத்தை வடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பித்தளை மென்மையானது என்பதால் ஜெட்டின் தலைக்குப் பொருந்தும் திருப்புளியையே எடுத்து, விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடும்போது, கலவையை அமைக்கும் திருகை மெதுவாக முழுவதும் மூடிவிட்டு, சுமார் இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். அத்திருகு எஞ்சின் பக்கம் இருந்தால், வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று கூடும்.

பிறகு கைப்பிடியில் கால், அரை, முக்கால் என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஆளில்லாத நேரான சாலையில் ஒவ்வொரு குறியிலும் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் நுனி காப்பிப் பொடியின் இளநிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் ரிச். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் லீன். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

மார்கழி விடியலில் 20 பாகையில் இருக்கும் காற்று, கத்திரி வெயிலில் 38 பாகைக்கு ஏறும்போது அதன் அடர்த்தி 6 விழுக்காடு குறைந்துவிடும், அதே ஜெட்டில் கலவை ரிச் பக்கம் சாயும். ஆகவே ஜெட்டின் எண், நீடிலின் பள்ளம், திருகின் சுற்று மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, வண்டியின் டூல் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். அடுத்த பருவத்தில் கார்புரேட்டரைத் திறக்கும்போது முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.