நாணயம் சுண்டினாலே போதும்

"உலகத்துச் சொத்தையெல்லாம் இன்றைக்கு எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தாலும், சில வருடங்களில் அது பழையபடி சிலரிடமே போய்ச் சேர்ந்துவிடும். திறமை உள்ளவன் மேலே வந்துவிடுவான். அப்புறம் எதற்கு வரியும் மானியமும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

குவியும் என்பது கிட்டத்தட்ட சரி. காரணம்தான் இடிக்கிறது. சொத்து குவிவதற்குத் திறமையே தேவையில்லை என்று காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. இயற்பியல்காரர்கள் வாயு மூலக்கூறுகள் மோதிக்கொள்வதைக் கணக்கிடும் பாணியிலேயே மனிதர்களின் கொடுக்கல் வாங்கலையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அந்த வகையில் இயற்பியலாளர் அனிர்பன் சக்ரவர்த்தி 2002-இல் வெளியிட்ட கணித மாதிரி (model) எனக்கு மிகவும் பிடித்தது.

விதி எளிது. இரண்டு பேர் சந்திக்கிறார்கள், நாணயம் சுண்டுகிறார்கள். பந்தயப் பணம், இருவரில் ஏழையிடம் இருப்பதில் ஒரு பங்கு. 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பையெல்லாம் யாரும் பணயம் வைப்பதில்லை, நாணயத்திலும் கள்ளம் இல்லை. இதைவிட நியாயமான ஆட்டம் இருக்க முடியுமா?

ஏழையிடம் 100 காசு, பணக்காரரிடம் 1000. முதல் சுற்றில் ஏழை ஜெயித்தால் 120. அடுத்த சுற்றில் தோற்றால் 120-இல் 20 சதவீதம், அதாவது 24 போய் 96. சரி, முதலில் தோற்று அப்புறம் ஜெயித்தால்? 100 என்பது 80 ஆகி, 16 சேர்ந்து, மறுபடியும் 96! ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ஆனாலும் 4 காசு எதிராளியிடம் போய்விட்டது. அவரிடம் இப்போது 1004.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நாணயம் நியாயமானது என்றால் சராசரியாக யாருக்கும் நஷ்டம் வரக்கூடாதே? வரவும் இல்லை. இரண்டு சுற்றில் ஏழைக்கு நான்கு முடிவுகள் சாத்தியம்: 144, 96, 96, 64. கூட்டினால் 400, சராசரி சரியாக 100. ஆனால் நான்கில் மூன்று 100-க்குக் கீழே. இரண்டு முறையும் ஜெயித்த ஒரே ஓர் அதிர்ஷ்டசாலி மொத்தச் சராசரியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றுகள் கூடக் கூட அந்த அதிர்ஷ்டசாலிகள் அரிதாகிக்கொண்டே போவார்கள். பணக்காரருக்கோ 20 காசு என்பது தன் சொத்தில் 2 சதவீதம்தான். தோல்வி அவரைக் கீறக்கூட கீறாது.

ஆயிரம் பேரைச் சமமான சொத்தோடு கணினிக்குள் விட்டு, இந்த ஆட்டத்தை ஓட விடுங்கள். போகப்போக கிட்டத்தட்ட எல்லாக் காசும் ஒரே ஆளிடம் போய் நிற்கும். மறுபடி ஓட்டினால் வேறோர் ஆள். 'அவர் கைராசி அப்படி' என்பவர்களிடம் இதைத்தான் காட்டத் தோன்றும். ஜெயித்தவர் அடுத்த நாள் 'வெற்றியின் ரகசியம்' என்று மேடையேறியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இப்போது வரியைச் சேர்ப்போம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லாரிடமும் ஒரே விகிதத்தில், 2 சதவீதம் எடுத்து, வசூலானதைத் தலைக்குச் சமமாகப் பிரிக்கிறோம். 1000 வைத்திருப்பவர் 20 தருகிறார், 100 வைத்திருப்பவர் 2. மொத்தம் 22, ஆளுக்கு 11. ஏழைக்கு நிகரமாக 9 காசு வரவு. இந்த விகிதம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தொடர்ந்து நடந்தால் ஒரே ஆளிடம் எல்லாம் குவிவது நின்றுவிடுகிறது. ஒரே ஒரு முறை பிரித்துக் கொடுப்பது வீண் என்று வாசகர் சொன்னது இந்த மாதிரிக்கும் சம்மதம். நிறுத்தாமல் செய்ய வேண்டும் என்பதுதான் அது கூடுதலாகச் சொல்வது.

நிஜ உலகில் பரம்பரைச் சொத்து, கூலி, கல்வி, உழைப்பு எல்லாம் உண்டு, மாதிரியில் இல்லை. ஆனாலும் நிஜ உலகின் ஏற்றத்தாழ்வை அளக்க ஒரு கோல் இருக்கிறது: 1912-இல் இத்தாலியரான கொராடோ ஜினி தந்த குறியீடு. எல்லாருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவருக்கே என்றால் 1. வருமானத்தை வைத்துப் பார்த்தால், வரிக்கும் உதவித்தொகைக்கும் முன்பு பின்லாந்தும் அமெரிக்காவும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 0.5-ஐ ஒட்டி நிற்கின்றன. அதற்குப் பின்பு அமெரிக்கா 0.39 அளவில், பின்லாந்து 0.27 அளவில். இதில் ஒரு நுணுக்கம்: பின்லாந்தில் முதியவர்களின் ஓய்வூதியம் பெரும்பாலும் பொது ஏற்பாட்டின் வழியாக வருவதால், அது வரிக்கு முந்தைய கணக்கில் சேராது. அதனால் அந்த முதல் எண் கொஞ்சம் உப்பித்தான் தெரியும்.