தெற்குப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்?

சிரியாவில் ஹோம்ஸ் நகருக்கு மேற்கே, ஏறக்குறைய 650 மீட்டர் உயரக் குன்றில் இருக்கிறது கிராக் தே செவாலியே கோட்டை. உள்நாட்டிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் கணவாயை அங்கிருந்தே கண்காணிக்கலாம். 11ஆம் நூற்றாண்டில் குர்து வீரர்கள் காவலிருந்த இடம் இது. 1142-இல், சிலுவைப் போருக்கு வந்த கிறித்தவர்கள் இன்றைய லெபனான் பக்கம் ஆண்டுவந்த திரிப்போலியின் பிரபு இரண்டாம் ரேமண்ட் இதை ஹாஸ்பிட்டலர்களிடம், அதாவது வாளேந்திய கிறித்தவத் துறவிகளிடம், ஒப்படைத்தார். 1170-இல் நிலநடுக்கம் உலுக்கிய பிறகு அவர்கள் விரிவாக்கிக் கட்டியதுதான் இன்றைய கோட்டையின் பெரும்பகுதி.

குன்றுக்கு மூன்று பக்கம் செங்குத்தான சரிவு. தெற்கே மட்டும் பக்கத்து மேட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. கல்லெறியும் பொறிகளை எதிரி அங்கே சௌகரியமாக நிறுத்தலாம். அதனால் கட்டியவர்களின் கவனமெல்லாம் தெற்கில்தான்.

அந்தக் காலத்தில் மதிலை வீழ்த்த நம்பகமான வழி, அடியில் தோண்டுவது. அஸ்திவாரத்துக்குக் கீழே குடைந்து, மரத்தூண்களால் முட்டுக் கொடுத்து, பிறகு தூண்களுக்குத் தீ வைத்தால் மேலே உள்ள சுவர் தானாகச் சரியும். இதைத் தடுக்கத்தான் உள்மதிலின் காலடியில் சாய்வான பிரம்மாண்டக் கல்லணை. அடியில் 20 மீட்டருக்கும் மேல் தடிமன்! குடைந்து முடிவதற்குள் தோண்டுகிறவன் களைத்துவிடுவான். மேலிருந்து உருட்டும் கற்களும் சாய்வில் பட்டு வெளிப்பக்கமாகத் தெறிக்கும்.

13ஆம் நூற்றாண்டில் வெளியே இன்னொரு மதில் எழும்பியது. உள்மதில் அதைவிட உயரம் என்பதால், முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலாகவே உள்ளே இருக்கும் வில்லாளிகள் எய்யலாம். வெளிமதிலைப் பிடித்த எதிரி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வான். கிழக்கு வாசலிலிருந்து ஏறும் பாதை இருட்டானது, சட்டென்று எதிர்த்திசைக்குத் திரும்புவது. கூரைத் துளைகள் வழியே மேலிருந்து தாக்கலாம். எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் பிடித்தது இந்தக் குறும்புதான்.

1188-இல், சிலுவைப் போர்ப் படைகளை எதிர்த்த முஸ்லிம் சுல்தான் சலாதீன் வந்து பார்த்துவிட்டு, முற்றுகையிடாமல் போய்விட்டார். 1271 மார்ச்சில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லுக் வம்சத்துச் சுல்தான் பைபர்ஸ் தெற்கிலிருந்துதான் தாக்கினார். வெளிமதில் கோபுரம் ஒன்றைக் குடைந்து சரித்தாலும், கல்லணைக்குப் பின்னால் ஒதுங்கியவர்களை அசைப்பது சுலபமாக இல்லை. சரணடையச் சொல்லி அவர்களுடைய மேலிடமே எழுதியதுபோல் ஒரு போலிக் கடிதம் அனுப்பினார் என்கிறார்கள். ஏப்ரல் 8-இல் கதவு திறந்தது.

புதிய சொந்தக்காரர்களுக்கும் தெற்கைப் பற்றித்தான் கவலை. பைபர்ஸ் இடிந்ததைச் சரிசெய்தார். அப்புறம் 1285-இல் சுல்தான் கலாவூன் அதே பக்கத்தில் பெரிய சதுரக் கோபுரம் ஒன்றைக் கட்டினார்.