சூப்பர்ஃப்ளூயிட் – தமிழ்ல மீப்பாய்மம்

கொழிஞ்சாம்பாறையில என்கிட்ட டியூஷன் வர்ற பசங்கள்ல பாதி தமிழ் மீடியம், பாதி மலையாளம், போன வாரம் அவங்களுக்கு ஒரு வீடியோ காட்டினேன். கண்ணாடிக் குடுவையில திரவ ஹீலியம் கொதகொதன்னு கொதிச்சிட்டு இருக்கு, குளிர வச்சுக்கிட்டே போறாங்க, 2.17 கெல்வின், அதாவது மைனஸ் 271 டிகிரி கிட்ட வந்ததும் குமிழி அத்தனையும் டக்குன்னு நின்னு காத்தில்லாத குளம் மாதிரி ஆயிடுச்சு. சூடு ஒரு இடத்துல தங்காம உடனே பரவிடுறதால உள்ள குமிழி கட்டாது, மேல்பரப்புல மட்டும் ஆவியாகும். இப்படி மாறின, உராய்வே இல்லாம ஓடுற திரவத்துக்கு இங்கிலீஷ்ல சூப்பர்ஃப்ளூயிட்னு பேர். இதுக்குத் தமிழ்ல என்ன பேர் சார்னு ஒருத்தன் கேட்டான். மீப்பாய்மம்.

லத்தீன்ல சூப்பர்னா மேலே, ஃப்ளூயிட் ஓடுறதைச் சொல்ற வினையில இருந்து வந்தது. நம்ம 'மீ'யும் மேலேதான், கணக்குல மீப்பெரு, மீச்சிறுன்னு படிச்சிருப்போமே அதே மீ. பாய்மம்னா திரவம், வாயு ரெண்டும் அடக்கம். சூப்பர்ஃப்ளூயிட்ங்கிற பேரை வச்சவர் ரஷ்ய இயற்பியலாளர் பியோத்தர் கபிட்சா, 1938 ஜனவரியில நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல, சூப்பர்கண்டக்டர்ல மின்சாரம் தடையில்லாம போற மாதிரி இதுல திரவமே தடையில்லாம போகுதுன்னு ஒப்பிட்டு வச்சாரு. அதே இதழ்ல கேம்பிரிட்ஜ்ல இருந்து ஆலன், மைசனர் ரெண்டு பேரும் இதையே கண்டுபிடிச்சதா எழுதியிருந்தாங்க. சூப்பர்கண்டக்டர் நமக்கு மீக்கடத்தி, மலையாளப் பசங்களுக்கு அதிசாலகம், அதனால மீக்கடத்தி பக்கத்துல மீப்பாய்மம்னு வச்சாத்தான் அந்த உறவு தமிழ்லயும் தெரியும். சிலர் அதிவேகத் திரவம்னு எழுதுறாங்க, அது தப்பு, இங்க விஷயம் வேகம் இல்ல, உராய்வு இல்லாததுதான்.

ஓடுற திரவத்துக்குள்ள இருக்குற உராய்வைத்தான் விஸ்காசிட்டின்னு சொல்வாங்க, அதுக்கு நம்ம சொல் பாகியல், பாகுல இருந்து வந்தது. எங்க வீட்ல கருப்பட்டி காய்ச்சும்போது சூட்டுல கரண்டியில இருந்து தண்ணியா ஒழுகும், ஆற ஆற கம்பி இழுக்கும், மார்கழிக் காத்துல தேங்காண்ணெய்கூட பாட்டில்லயே உறைஞ்சுடும், குளிர்ந்தா கெட்டியாகும்ங்கிறதுதான் நம்ம கை கண்ட அனுபவம். ஹீலியமோ அவ்வளவு குளிர்லயும் உறையாம, மீப்பாய்மமா மாறின பங்குல பாகியலையே விட்டுடுது, வாயு நுழையத் திணறுற மயிரிழைத் துளையிலகூட வழுக்கிட்டுப் போயிடுது.

பாய்ங்கிற சொல்லு எனக்கு ரொம்பப் பிடிக்கும், வயலுக்குத் தண்ணி பாயுறதும் பாய்தல்தான், புலி பாயுறதும் பாய்தல்தான். மீப்பாய்மத்தை ஒரு சின்னக் கிண்ணத்துல எடுத்துத் தூக்கிப் பிடிச்சா, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமா உள்சுவர்ல ஏறி, விளிம்பைத் தாண்டி, வெளிப்பக்கமா இறங்கி, அடியில சொட்டுச் சொட்டா விழும், கிண்ணம் காலியாகுற வரைக்கும்.