‘டுமாரோ’ என்றால் எந்த நாள்?

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பாடப்புத்தகப் பயிற்சிகளைவிட, அவர்கள் அலுவலகத்தில் எழுதிய மின்னஞ்சல்களை வைத்துத்தான் பெரும்பாலும் வகுப்பு நடக்கும். ஒரு நாள் ஒரு பெண் கொண்டுவந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “தி கஸ்டமர் செட் தட் ஐ வில் பே டுமாரோ.”

வாடிக்கையாளர் போனில் அப்படிச் சொன்னது வியாழக்கிழமை. இவர் அதை மேலாளருக்கு எழுதி அனுப்பியது வெள்ளிக்கிழமை. மேலாளர் படித்தது திங்கட்கிழமை. “அவர் பணத்தை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?” என்று மேலாளர் கேட்டிருக்கிறார். அந்த ‘ஐ’யைக்கூட ஊகித்துவிடலாம். அந்த ‘டுமாரோ’ எந்த நாள்? சொன்னவர் கணக்கில் வெள்ளி, எழுதியவர் கணக்கில் சனி, படித்தவர் கணக்கில் செவ்வாய். பணம் வராமல் போனால் எந்த நாளிலிருந்து தாமதம் என்று கணக்கிடுவது?

அந்தப் பெண் இலக்கணம் தெரியாதவர் அல்ல. பள்ளியில் நேர்க்கூற்று, அயற்கூற்று அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்தவர். ‘நௌ’ என்றால் ‘தென்’, ‘ஹியர்’ என்றால் ‘தேர்’, ‘டுமாரோ’ என்றால் ‘தி நெக்ஸ்ட் டே’. கேட்டால் இன்றும் சொல்வார். பிறகு ஏன் தவறு வந்தது? தமிழில் யோசித்தார், அவ்வளவுதான்.

“நான் நாளைக்குக் கட்டிவிடுகிறேன் என்று அவர் சொன்னார்.” இந்த வாக்கியத்தில் நமக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ‘என்று’ வந்ததுமே அதற்கு முன்னால் உள்ளவை அவருடைய சொற்கள் என்று காது எடுத்துக்கொள்கிறது. ‘நான்’ அவர், ‘நாளை’ அவருடைய நாளை. ஆங்கிலத்தின் ‘தட்’ அப்படி இல்லை. பலரும் ‘தட்’ என்றால் ‘என்று’ எனப் படித்திருக்கிறோம். அங்கேதான் வழுக்குகிறது. ‘தட்’டுக்குப் பின்னால் வரும் ‘ஐ’யும் ‘டுமாரோ’வும் எழுதுகிறவரைச் சேர்ந்தவை. அதனால், வாடிக்கையாளருக்கு ‘ஹீ’, ‘வில்’லுக்கு ‘வுட்’, ‘டுமாரோ’வுக்கு ‘ஆன் ஃப்ரைடே’. என்னைக் கேட்டால் ‘தி நெக்ஸ்ட் டே’கூட வேண்டாம், அலுவலகக் கடிதத்தில் தேதியையே போட்டுவிடுங்கள்.

ஜெர்மன் உளவியலாளர் கார்ல் ப்யூலர் 1934இல் இதை விளக்கியிருக்கிறார். பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மையப்புள்ளி உண்டு: நான், இங்கே, இப்போது. சுட்டுகிற சொற்களெல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் பொருள் பெறுகின்றன. இந்த உணர்வு நமக்கு மிகப் பழையது. ‘தா’, ‘வா’ இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, ‘செல்’, ‘கொடு’ இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை வினைச்சொல்லே காட்டிவிடுகிறது. இதை நினைவுபடுத்தியதும் அட்டவணையே இல்லாமல் பாதி மாற்றங்களை மாணவர்கள் தாங்களாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து காலம். “ஷீ செட் ஷீ வாஸ் இல்” என்று எழுதினால், இப்போது குணமாகிவிட்டது என்று அர்த்தமா? வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி இது. இல்லை. சொன்ன நேரம் கடந்துவிட்டதால் வினை ஒரு படி பின்னால் போகிறது. இப்போது எப்படி இருக்கிறார் என்பது பற்றி அந்த வாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை. “ஷீ செட் ஷீ இஸ் இல்” என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் அப்படி எழுதினால், அந்த நிலை இன்னும் நீடிக்கிறது என்று எழுதுகிறவரும் சேர்ந்து சொல்கிறார். ‘பூமி சூரியனைச் சுற்றுகிறது போன்ற உலக உண்மைகளுக்குக் காலம் மாறாது’ என்று ஒரு விதிவிலக்காக மட்டும் இதைக் கற்பிப்பது போதாது. “தொகை அனுப்பப்பட்டுவிட்டது என்று சொன்னார்” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹேஸ் பீன்’ போடுவதா ‘ஹேட் பீன்’ போடுவதா என்பதில், யார் பொறுப்பேற்கிறார் என்ற கேள்வியும் இருக்கிறது. நீங்களே சரிபார்க்காத விஷயம் என்றால் ‘ஹேட் பீன்’ போடுவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு இடத்தில் தமிழ் நமக்குத் தருகிற வசதி ஆங்கிலத்தில் இல்லை. “தி மேனேஜர் டோல்ட் தி கிளார்க் தட் ஹீ ஹேட் மேட் எ மிஸ்டேக்.” தவறு செய்தது யார்? தமிழில் ‘தான் தவறு செய்துவிட்டதாக’ என்றால் மேலாளர். ‘அவர் தவறு செய்துவிட்டதாக’ என்றால் எழுத்தர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஹீ’தான். புகார்க் கடிதத்தில் இப்படி ஒரு வரி வந்தால், குற்றம் செய்யாதவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நடை கெட்டாலும் பரவாயில்லை, பதவிப் பெயரை இன்னொரு முறை எழுதிவிடுங்கள்.

‘செட்’ என்ற சொல் அலுத்துப்போய் அதை மாற்றிப் போடுகிற பழக்கமும் உண்டு. ‘அட்மிட்டட்’ என்றால் தன் மேல் தவறு இருப்பதை ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிடும். ‘க்ளெய்ம்ட்’ என்றால் அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்ற தொனி வரும். கூட்டக் குறிப்பில் ‘செட்’ பத்து முறை வந்தாலும் வரட்டும்.

கேள்விகளைப் பற்றி ஒரு வரி போதும்: ‘ஆஸ்க்ட்’டுக்குப் பிறகு ‘வேர் டிட் ஐ லிவ்’ வராது, ‘வேர் ஐ லிவ்ட்’ என்று நேராகப் போகும்.

இத்தனை கறாராகச் சொல்லும் நானே, கதை எழுதுகிறவர்களிடம் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாணவன் ஆங்கிலத்தில் சிறுகதை எழுதிக் காட்டினான். பையன் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிறான். அடுத்த வரி: “தி எக்ஸாம் வாஸ் டுமாரோ.” அட்டவணைப்படி பார்த்தால் இது பிழை. ‘வாஸ்’ இறந்தகாலம், ‘டுமாரோ’ எதிர்காலம். ஆனால் ‘வாஸ்’ கதைசொல்லியின் சொல், ‘டுமாரோ’ அந்தப் பையனின் சொல். ‘ஹீ தாட் தட்’ என்று எதுவும் இல்லாமலே அவனுடைய பயத்துக்குள் நாம் போய்விடுகிறோம். கதை படர்க்கையில் நடக்கிறது, பார்வை மட்டும் பையனுடையது. ஆங்கில நாவல்கள் இருநூறு ஆண்டுகளாக இதைச் செய்துவருகின்றன.

அவன் என்னிடம் தருவதற்கு முன்பே பேனாவால் ‘டுமாரோ’வை அடித்துவிட்டு, மேலே ‘தி நெக்ஸ்ட் டே’ என்று திருத்தியிருந்தான். ஏன் என்று கேட்டேன். “சார், ரூல் அப்படித்தானே?” என்றான். நான் அந்தத் திருத்தத்தை அடித்து, பழைய சொல்லையே திரும்ப எழுதிக் கொடுத்தேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் எந்தெந்தச் சொல் பையனுடையது, எது கதைசொல்லியுடையது என்று ஒவ்வொன்றாகக் கோடிட்டோம்.